ஏலக்காரரின் கையெழுத்து

அலுவலகத்தில் அவருக்குச் சுழி அக்கா என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மூன்று சுழி ணகரத்தைத் தடிமனாக அச்சடித்தால் சுழிகளுக்குள் மை இறங்கி மூன்று கறுப்புப் பொட்டாகிவிடும். நாங்கள் என்றால் ‘படிக்கிறவனுக்குப் புரியும், விடு’ என்று எழுந்து தேநீர் குடிக்கப் போய்விடுவோம். அக்கா போகமாட்டார். சுழிக்குள் வெள்ளை தெரிகிறவரை நாற்காலியை விட்டு அசையமாட்டார். “சுழிக்குக் கண்ணு இருக்கணும். கண்ணு அடைச்சுட்டா அது எழுத்து இல்ல, கறை” என்பார்.

நாங்கள் வேலை பார்த்தது எழுத்துரு செய்து விற்கிற நிறுவனம். மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இரண்டு அறைகள், ஆறு கணினிகள், தாளைக் கடித்துக்கொண்டு துப்ப மறுக்கும் ஒரு பிரிண்டர், அவ்வளவுதான் நிறுவனம். அக்கா எழுத்துகளை வரைவார். வரைந்த எழுத்துகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விடவேண்டும் என்று அளப்பது என் வேலை. ஒன்றுமில்லாததை அளப்பதற்கு ஒரு சம்பளமா என்று என் மாமியார் இன்றுவரை கேட்கிறார். பதினோரு வருடம் அக்காவின் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அக்காவின் கணவர் காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் விடுகிறவர். எல்லோரும் அவரை ஏலக்காரர் என்றே கூப்பிடுவார்கள். அவர் ஒரு வாசலில் நின்று விலை கூறினால் எதிர் வாசலில் மூட்டை இறக்குகிறவன் திரும்பிப் பார்ப்பான். வீட்டிலும் அதே குரல்தான். அக்காவை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டால் எங்கள் ஆறு பேருக்கும் கேட்கும். “இவருக்கு எதுக்கு போனு? ஜன்னலைத் திறந்தா போதாதா?” என்று அக்கா சிரிப்பார். பிள்ளைகள் இல்லை. ஆனாலும் அவர்கள் வீட்டைத் தாண்டிப் போகிறவர்கள் உள்ளே பத்துப் பேர் இருப்பதாகத்தான் நினைப்பார்கள்.

அந்தக் குரல் கம்மத் தொடங்கியது. கத்திக் கத்தித் தொண்டை புண்ணாகிவிட்டது என்று மூன்று மாதம் வெந்நீரும் மாத்திரையுமாகப் போயிற்று. பிறகுதான் புற்று என்று தெரிந்தது. குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டார்கள். மூச்சு விடக் கழுத்தில் ஒரு துளை. அதன்மேல் எப்போதும் ஒரு வெள்ளைத் துணி. கழுத்தில் வைத்துப் பேசுகிற கருவி ஒன்று கொடுத்தார்கள். ஒரே ஒரு தடவை வைத்துப் பார்த்தார். உடனே அதைக் கீழே வைத்துவிட்டு ஒரு தாளில் எழுதினார்: ‘தவளை செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கு. வேண்டாம்!’

அதிலிருந்து எழுத்துதான் அவருக்குப் பேச்சு. அலுவலகத்தில் சோதனைக்கு அச்சடித்து வீணாகும் தாள்களை அக்கா கட்டுக்கட்டாக வீட்டுக்குக் கொண்டுபோவார். ஒரு பக்கம் எங்கள் எழுத்து, மறுபக்கம் வெள்ளை. அந்த வெள்ளையில் தடித்த கறுப்பு மார்க்கரால் ஏலக்காரர் எழுதுவார். ஏலக் களத்தில் வார்த்தைக்கு வார்த்தை மூச்சு விடாமல் பேசிப் பழகிய மனிதர். மனதில் வருகிற வேகத்துக்குக் கை ஓடாது. எழுத்து ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து முண்டியடித்துக்கொண்டு வரும். கோபம் என்றால் அழுத்துகிற அழுத்தில் தாள் கிழியும். சண்டையில் அக்காவிடம் ஒரு தந்திரம் இருந்தது. அவர் தாளைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தால் அக்கா கண்ணை இறுக மூடிக்கொள்வார். அவர் தரையைக் காலால் உதைப்பார். கடைசியில் இரண்டு பேரும் சிரித்துவிடுவார்கள். “முப்பது வருஷத்துல இப்பத்தான் நான் ஜெயிக்கிறேன்” என்று அக்கா என்னிடம் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் மேலாளருக்குத் தடித்துச் சாய்ந்த தலைப்பு எழுத்து ஒன்று தேவைப்பட்டது. எதற்கெடுத்தாலும் அளவு கேட்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் அளவுகோல்.

“தடியாவும் இருக்கணும், சாஞ்சும் இருக்கணும். பஸ்ஸுல போறவன் கழுத்தைத் திருப்பிப் பாக்கணும்மா” என்றார்.

கேட்பதற்குச் சுலபம். கணினியில் ஒரு பொத்தானைத் தட்டினால் எல்லா எழுத்தும் பன்னிரண்டு பாகை சாய்ந்துவிடும். ஆனால் அப்படிச் சாய்த்த தமிழ் எழுத்து ஓடுகிறவனைப்போல இருக்காது, கால் தடுக்கி விழப்போகிறவனைப்போல இருக்கும். ழகரம் வாலை எங்கே வைப்பது என்று தெரியாமல் திணறும். கொம்புகள் பக்கத்து எழுத்தின் விலாவில் குத்தும். சுழிகளோ தடிமனில் மூடிப்போகும். அக்கா ஐந்து மாதம் வரைந்தார். அழித்தார். வரைந்தார். அளவுகோல் ஒவ்வொரு வாரமும் வந்து பார்த்துவிட்டு, “இது குடிச்சவன் எழுந்து நிக்கிற மாதிரி இருக்கே” என்று போவார். அது நியாயமான பேச்சு என்பதுதான் கொடுமை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா வீட்டில் பழைய தாள்களை ஒழுங்குசெய்துகொண்டிருந்தார். தன் சோதனைத் தாள் ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்திருக்கிறார். முன்பக்கத்தில் அவருடைய சாய்ந்த எழுத்து, தள்ளாடிக்கொண்டு. பின்பக்கத்திலிருந்து கணவரின் எழுத்து ஊடுருவித் தெரிந்தது. தாளைத் திருப்பினார். ‘தக்காளி அழுகிப்போச்சு! இன்னும் பாத்துக்கிட்டு நிக்கிற!’

ஐந்து மாதமாகத் தேடியது தக்காளியின் பக்கத்தில் இருந்தது. கணவரின் எழுத்தில் கால்கள் நிறையச் சாய்ந்திருந்தன, தலைகள் கொஞ்சமாகத்தான் சாய்ந்திருந்தன. அதனால் எழுத்து விழவில்லை, ஓடியது. சுழிகளை அவர் மூடவே இல்லை. பாதி சுற்றிவிட்டு அடுத்த எழுத்துக்குப் பாய்ந்திருந்தார். அந்தத் திறந்த வாய் வழியாக வெள்ளை உள்ளே வந்திருந்தது. புள்ளி, எழுத்தின் தலைமேல் நிற்காமல், வலப்பக்கம் தெறித்த ஒரு சிறு கோடாக எழுத்துக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் அக்கா ஒரு பை நிறையத் தாள்களோடு அலுவலகம் வந்தார். அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் பார்த்ததே இல்லை. நான்கு மாதத்தில் முடித்தார். கணவர் எழுதியே இராத எழுத்துகள் சில இருந்தன. அவற்றைக்கூட அவரிடமிருந்தே வாங்கினார். “என்னங்க, அஃறிணைக்கு ஆய்த எழுத்து வருமா?” என்று தெரியாததுபோலக் கேட்டாராம். அவர் ‘அஃறிணை’ என்று பெரிதாக எழுதிக் காட்டி, கீழே, ‘நீ படிச்சவதானே?’ என்று சேர்த்திருந்தார். அந்தத் தாளை அக்கா என்னிடம் காட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

“அவர்கிட்ட சொல்லிட்டீங்களா அக்கா?” என்று கேட்டேன்.

“முடியட்டும். வெளிய வந்தப்புறம் காட்டுறேன். அசந்து போயிடுவாரு பாரு.”

அந்த எழுத்துருவுக்கு அளவுகோல் ‘முழக்கம்’ என்று பெயர் வைத்தார். இரண்டு மாதத்தில் அது எங்கள் கையை விட்டுப் போய்விட்டது. எந்த அச்சகத்தைக் கேட்டாலும் முழக்கம்தான். ஆனால் அக்கா கணவரிடம் சொல்லவில்லை. காரணம் கேட்டால் அன்றைக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. முதன்முதலில் அந்த எழுத்தை வாங்கிப் போட்டது ஓர் எலி மருந்து டப்பா. “இதைக் கொண்டுபோய் என்னன்னு காட்டுறது? கொஞ்சம் நல்லதா வரட்டும்” என்றார் அக்கா. அடுத்தது மூலநோய் மருத்துவமனை. அதற்கடுத்தது கட்டணக் கழிப்பிடம், அம்புக்குறியோடு. ஒரு புத்தகத்தின் அட்டை, ஒரு பத்திரிகையின் பெயர், இப்படிக் கையில் எடுத்துக் காட்டும்படியாக ஒன்று வரும் என்று அக்கா காத்திருந்தார். தலைப்பு எழுத்தைக் கேட்பவர்கள் யார்? கத்தவேண்டியவர்கள். டயர் கடை, கட்டில் மெத்தைக் கடை, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி. நல்லதுக்காகக் காத்திருந்த நாட்களில், ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்ற கேள்விக்கும் ஒரு பதில் தேவைப்பட ஆரம்பித்தது. தள்ளிப்போட்டது வளர்ந்துகொண்டே போயிற்று.

மாதாந்திரப் பரிசோதனைக்காக இருவரும் மருத்துவமனைக்குப் போன ஒரு காலையில் அது நடந்தது. பேருந்தை விட்டு இறங்கினார்கள். எதிர்ச் சுவர் முழுக்க ஒரு மெத்தைக் கடை விளம்பரம். ஓர் ஆள் உயரத்துக்கு எழுத்துகள்: ‘இன்றே கடைசி நாள்!’

ஏலக்காரர் நின்றுவிட்டார். அவர் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தார், மார்க்கரை எடுத்தார், தொடையில் வைத்து அதே மூன்று சொற்களை எழுதினார். கையை நீட்டித் தாளைச் சுவருக்கு நேரே பிடித்தார். தாளையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

“ஆமாங்க” என்றார் அக்கா. “உங்களுதுதான்.”

அவர் அந்தத் தாளின் கீழேயே எழுதினார். ‘என்கிட்ட மிச்சம் இருந்தது இது ஒண்ணுதான்.’

“நான் சொல்லணும்னுதாங்க...”

அவர் கையைக் காட்டி நிறுத்தினார். இன்னொரு வரி எழுதினார். ‘கேட்டிருந்தா குடுத்திருப்பேன்.’

மார்க்கரின் மூடியை அழுத்தி மூடி, அதை அக்காவின் கைப்பைக்குள் போட்டுவிட்டு, முன்னால் நடந்து போய்விட்டார்.

மறுநாள் காலை சாப்பாட்டு மேசையில் ஒரு துண்டுத் தாள் இருந்தது. ‘எனக்கு இட்டிலி வேண்டாம், பால் போதும்’ என்று பென்சிலால் எழுதியிருந்தது. பொடி எழுத்து. ஆணி அடித்ததுபோல நேராக நின்றது. சுழிகளெல்லாம் வட்டமாக மூடியிருந்தன. புள்ளிகள் அதனதன் தலைமேல் இருந்தன. யாரோ வந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றுதான் அக்கா முதலில் நினைத்தாராம். குப்பைக் கூடையில் மூன்று தாள்கள் கிடந்தன. அகர வரிசையை ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைப்போல மறுபடி மறுபடி எழுதிப் பழகியிருந்தார்.

தன் கையெழுத்தை மாற்றிக்கொண்டுவிட்டார். இனி எடுக்க எதுவும் இல்லாதபடிக்கு.

அவர் கெட்ட மனிதர் இல்லை. சண்டையும் போடவில்லை. கடைக்குப் போனார், துணி மடித்தார், அக்காவுக்குத் தலைவலி என்றால் தைலம் எடுத்துவந்து கையில் கொடுத்தார். எழுதுவதை மட்டும் பென்சிலால் எழுதினார், அதுவும் தேவைக்கு மட்டும். கேலி நின்றுபோயிற்று. ஆச்சரியக்குறி நின்றுபோயிற்று. அக்கா ஒருநாள் தாங்கமுடியாமல், “என்னங்க, இந்த எழுத்து எனக்குக் கேக்கவே மாட்டேங்குது” என்று அழுதார்.

‘படிக்கத் தெரியும்ல’ என்று எழுதினார் அவர். பென்சிலால்.

தானும் பேசாமல் எழுதிப் பார்ப்போம் என்று அக்கா ஒரு வாரம் முயன்றார். மன்னிப்பை நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தார். அவர் முழுதாகப் படித்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு அக்காவின் உதட்டை விரலால் தொட்டுக் காட்டி, ‘உனக்குத்தான் வாய் இருக்கே’ என்று எழுதினார்.

அக்கா அளவுகோலிடம் போய் நின்றார். முழக்கத்தை விற்பதை நிறுத்தவேண்டும் என்றார்.

அளவுகோல் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “அம்மா, விட்ட அம்பு அது. நான் இன்னைக்கு நிறுத்தினாலும் ஊரெல்லாம் இருக்கே, சுவர் சுவரா போய் வெள்ளையடிக்கவா முடியும்?” அவர் குரலில் திமிர் இல்லை. “உங்க பேரைப் போட்டிருக்கோம். வேணும்னா அவர் பேரையும் போட்டுடலாம்.”

அக்கா வீட்டில் போய் அதைச் சொன்னார். ஏலக்காரர் தலையை மட்டும் அசைத்தார், வேண்டாமென்று. எழுதக்கூட இல்லை.

நான் என் பங்கையும் சொல்லிவிட வேண்டும். அந்தத் தாள்களை அக்கா பையில் கொண்டுவந்த அன்றைக்கே எனக்குத் தெரியும். ‘முதல்ல அவரைக் கேளுங்க அக்கா’ என்று ஒருமுறை அழுத்திச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த எழுத்துகளுக்கு இடைவெளி அளக்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

பென்சிலுக்கு மாறிய ஏழாவது மாதம் அவருக்கு இருமலில் ரத்தம் வந்தது. நுரையீரலுக்குப் போய்விட்டது என்றார்கள். ஆறு படுக்கைகள் உள்ள கூடத்தில், ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. நான் போய்ப் பார்த்தபோது பாதி ஆளாகியிருந்தார். என்னைக் கண்டதும் தலையணைக்கடியிலிருந்து தாளை எடுத்து, ‘இடைவெளியம்மா நலமா’ என்று எழுதினார். அதே பென்சில், அதே நேர் எழுத்து, ஆனால் கோடு நடுங்கியது. சில இடங்களில் பென்சில் தாளைத் தொட்டதாகவே தெரியவில்லை. அப்போதிருந்து அக்காவுக்கு ஒரு குழப்பம் பிடித்துக்கொண்டது. வழியில் வரும்போது கேட்டார்:

“இப்ப இப்படி மெல்லிசா எழுதுறாரே, அது கோவமா, இல்ல கையில பலம் இல்லாததாலயா?”

“பலம் இல்லாததுதான் அக்கா” என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, மார்க்கருக்கு அழுத்தமே வேண்டாம், தொட்டாலே எழுதும் என்பது எனக்குத் தெரியும். பென்சிலைத்தான் அழுத்தவேண்டும்; பலம் இல்லாதவர் எடுக்கவேண்டியது மார்க்கரை. எனக்குத் தெரிந்தது அக்காவுக்குத் தெரியாதா என்ன? படுக்கை விரிப்பில் மை பட்டால் அந்தக் கூடத்துத் தாதி சத்தம் போடுவார் என்பதும் உண்மைதான். அதைப் பிடித்துக்கொண்டு இருவரும் பேருந்து ஏறினோம்.

அடுத்த நாள் பிற்பகல் அக்கா புது மார்க்கர் ஒன்று வாங்கிப் போனார். மூடியைத் திறந்து, எடுக்க வாட்டமாக, அவருடைய வலது கைக்குப் பக்கத்தில் தட்டின்மேல் வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரஞ்சுப் பழம் உரித்தார். ஏலக்காரர் மார்க்கரைப் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார். பிறகு பென்சிலை எடுத்தார். இரண்டு வரி எழுத அவருக்கு அவ்வளவு நேரம் பிடித்தது.

‘மூடி வை. காஞ்சு போயிடும்.’

அக்கா மூடி வைத்தார். மறுநாள் காலை, மருத்துவர் சுற்று வருவதற்கு முன்னால், ஏலக்காரர் போய்விட்டார்.

மூன்றாம் நாள் சந்தை வியாபாரிகள் ஓர் அஞ்சலிக் கூட்டம் வைத்திருந்தார்கள். நான்தான் அக்காவை அழைத்துப் போனேன். சந்தை வாசலில் பெரிய சுவரொட்டி. ‘எங்கள் ஏலக்காரர் மறைந்தார்’. முழக்கம். அச்சகத்தில் இருந்ததிலேயே பெரிய எழுத்தைப் போட்டிருந்தார்கள். தெறித்த புள்ளி, மூடாத சுழி, எல்லாம் இருந்தது. நான் ஓடிப்போய்க் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். அதற்குள் மூட்டை தூக்குகிற பெரியவர் ஒருவர் அக்காவின் பக்கத்தில் வந்து நின்றார். அவர் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“பாருங்கம்மா, அண்ணன் நின்னு சத்தம் போடுற மாதிரியே இருக்குல்ல?” என்றார்.

“ஆமாப்பா” என்றார் அக்கா. “அப்படியே இருக்கு.”

கூட்டம் முடிகிறவரை நின்றார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் அழுதார். அந்த அழுகையை எழுத எனக்குத் தெரியவில்லை.

ஒரு வருடம் கழித்து அளவுகோல் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். முழக்கத்துக்குத் துணையாக மெல்லிய, நிமிர்ந்த எழுத்து ஒன்று வேண்டும் என்றார். தலைப்பு தடியாக இருந்தால் கீழே பொடியாக எழுத ஒன்று வேண்டுமாம், வாங்குகிறவர்கள் கேட்கிறார்களாம். “ஒரே கை எழுதின மாதிரி இருக்கணும்மா. ஒரே குடும்பமா தெரியணும்.”

அக்காவின் அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பா நிறையப் பென்சில் தாள்கள் இருந்தன என்று எனக்குத் தெரியும். அளவுகோலுக்குத் தெரியாது.

“என்னால முடியாதுங்க” என்றார் அக்கா.

“ஏம்மா, வேற யாரு...”

“முடியாதுங்க. இதைக் கேட்டு வாங்க ஆள் இல்ல இப்ப.”

அளவுகோலுக்குப் புரியவில்லை. அந்த மாதக் கடைசியில் அக்கா வேலையை விட்டார். மெல்லிய எழுத்தை நான்தான் வரைந்தேன். அளவெல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் உயிர் இல்லை. விற்கிறது, பரவாயில்லை.

அக்கா இப்போது நில அளவை அலுவலகம் ஒன்றுக்கு வரைபடங்களில் ஊர்ப் பெயர்கள் எழுதிக் கொடுக்கிறார். கண்ணுக்குத் தெரியாத பொடி எழுத்து, யாரையும் கூப்பிடாது. போன மாதம் ஒரு காலையில் பார்க்கப் போனேன். இளைத்திருந்தார், ஆனால் தலைவாரி, மடிப்புக் கலையாத சேலையில் இருந்தார். வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டிருந்தோம். நடுவில், அடக்கமுடியாமல், ‘மூடி வை’ என்ற அந்தக் கடைசித் தாளைப் பற்றிக் கேட்டுவிட்டேன். அவர் என்ன அர்த்தத்தில் எழுதியிருப்பார்?

அக்கா கோபித்துக்கொள்ளவில்லை.

“சில நாள், ‘பின்னால எடுத்து எழுதுறேன், பத்திரமா வை’ன்னு சொன்ன மாதிரி இருக்கும். அன்னைக்கு நல்லா சாப்பிடுவேன்” என்றார். “சில நாள், ‘எனக்கு இது வேண்டாம், கொண்டு போ’ன்னு சொன்ன மாதிரி இருக்கும்.”

“அந்த நாள்ல என்ன அக்கா பண்ணுவீங்க?”

“என்ன பண்றது? வேலையைப் பாப்பேன். ஊர்ப் பேரு நிறைய இருக்கு” என்று சொல்லிவிட்டு, பால் பொங்குகிற சத்தம் கேட்டு உள்ளே போனார்.